ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்ட சபை: ஸ்நார்க்கி பப்பியின் ‘வீ லைக் இட் ஹியர்’

ஸ்நார்க்கி பப்பி என்ற அமெரிக்க ஜாஸ்-ஃப்யூஷன் குழுவின் பெயர் நம்மில் பலருக்கு ஒரே ஒரு வீடியோ வழியாகத்தான் அறிமுகம். ‘லிங்கஸ்’ என்ற உருப்படியில் கோரி ஹென்றி கீபோர்டில் சோலோ வாசிக்கிறார். உடன் வாசிப்பவர்கள் நம்ப முடியாமல் தலையை ஆட்டிச் சிரிக்கிறார்கள். அந்த இரண்டு மூன்று நிமிடங்களை மட்டும் வெட்டியெடுத்து ஊரெல்லாம் பகிர்ந்தாயிற்று. அது இடம்பெற்ற முழு ஆல்பமான ‘வீ லைக் இட் ஹியர்’ அந்த அளவுக்குக் கேட்கப்படவில்லை. 2013 அக்டோபரில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், கைட்டோபியா ஸ்டூடியோவில் பதிவானது. 2014 பிப்ரவரியில் ரோப்படோப் என்ற இசை நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. எட்டு உருப்படிகள், சிடியோடு டிவிடியும் உண்டு.

வாங்கலாம். ஆனால் மேடைக் கச்சேரியின் பதிவு என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும். இது ஸ்டூடியோப் பதிவு. அதற்குள் ரசிகர்களை அழைத்து உட்கார வைத்திருக்கிறார்கள். வாத்தியக்காரர்கள் கிட்டத்தட்ட வட்டமாக அமர்ந்திருக்க, கையெட்டும் தூரத்தில் ரசிகர்கள். வாசிப்பவர் கேட்பவர் எல்லார் தலையிலும் ஹெட்ஃபோன். அறைக்குள் ஒலிபெருக்கி கிடையாது.

டிவிடியில் பார்ப்பதற்கு இது விளையாட்டு போலத் தெரியும். உண்மையில் இந்தப் பதிவின் தரத்துக்கு முக்கியக் காரணமே அதுதான். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும். டிரம்ஸிலிருந்து 3 மீட்டர் தள்ளி ஒரு டிரம்பெட் மைக் இருந்தால், சிம்பலின் ஒலி டிரம்ஸ் மைக்கைத் தொட்ட பிறகு 9 மில்லிசெகண்ட் கழித்து டிரம்பெட் மைக்கிலும் விழும். மிக்ஸிங்கில் இரண்டையும் சேர்க்கும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். டிரம்ஸ் உள்ளீடற்றுப்போய்த் தகர டப்பா மாதிரி கேட்கும். இதன் மேல் சபைக்கான ஒலிபெருக்கியும் வாசிப்பவர்களுக்கான மானிட்டர் ஸ்பீக்கரும் சேர்ந்தால் ஒவ்வொரு மைக்கிலும் எல்லா வாத்தியமும் நுழைந்துவிடும். ஒலிபெருக்கியையே எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்கிறது. மின் கீபோர்டுகளும் பேஸும் நேராகக் கம்பி வழியே பதிவாகிவிடலாம். அறைக்குள் காற்றில் ஒலிப்பவை டிரம்ஸ், பெர்குஷன் (மற்ற தாள வாத்தியங்கள்), ஊதுவாத்தியங்கள், கிட்டார் ஆம்ப்கள் போன்றவை மட்டும்தான்.

இதற்கு ஒரு விலை உண்டு. மைக்குகளுக்குள் ஒன்றின் ஒலி இன்னொன்றில் கொஞ்சமாவது கசிந்தபடியேதான் இருக்கும். அதனால் ஒருவர் தவறினால் அவர் பகுதியை மட்டும் பிற்பாடு வாசித்து ஒட்டுவது கடினம். பழைய தவறு பக்கத்து மைக்கில் மெலிதாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே ஓவர்டப்பே இல்லாமல், முழு டேக் சரியாக வரும்வரை வாசிப்பதுதான் வழி. ஏழெட்டு நிமிட உருப்படியில் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் எல்லாம் கூடிவர வேண்டும். செஷன் வாசித்துப் பழகிய, அதாவது பிறர் பாட்டுகளுக்கு ஸ்டூடியோவில் கூலிக்கு வாசித்துப் பழகிய கைகள் இல்லாமல் அது நடக்காது.

மைக்கேல் லீக் என்ற பேஸ் கலைஞர் 2004-இல் டெக்சாஸின் டென்டன் நகரில், நார்த் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர்களோடு தொடங்கிய குழு இது. ஜாஸ் படிப்புக்குப் பெயர்போன இடம். ஆனால் குழுவின் தாளத்தை மாற்றியது பக்கத்தில் இருக்கும் டாலஸ் நகரம்; அங்குள்ள கறுப்பின தேவாலய இசையும் ஆர்&பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) வட்டாரமும். கீபோர்டு கலைஞர் பெர்னார்ட் ரைட் அந்த வட்டாரத்தில் இவர்களுக்கு மூத்தவராக இருந்தார். கீபோர்டு கலைஞர் ஷான் மார்ட்டின், டிரம்ஸ் கலைஞர் ராபர்ட் சீரைட் போன்றவர்கள் பாடகி எரிக்கா பாடு, தேவாலய இசைக்காரர் கர்க் ஃபிராங்க்ளின் முதலியோருக்கு வாசித்தவர்கள். குழுவுக்கு முதல் கிராமி விருது கிடைத்ததே ஜாஸ் பிரிவில் அல்ல: 2014-இல், பாடகி லாலா ஹாத்தவேயோடு செய்த ‘சம்திங்’குக்காக, ஆர்&பி பிரிவில். பாடகருக்குப் பின்னால் நின்று இடம் விட்டு வாசிக்கும் பழக்கம் இவர்கள் கையில் ஊறியிருப்பதால்தான், பாடகரே இல்லாத இந்த ஆல்பத்திலும் யாரும் யார் மேலும் ஏறி வாசிப்பதில்லை.

இந்தப் பதிவில் டிரம்ஸ் வாசித்தவர் டொராண்டோவைச் சேர்ந்த லார்னெல் லூயிஸ். கடைசி நேரத்தில் மாற்றாக அழைக்கப்பட்டவர். விமானத்தில் வரும்போதே பாட்டுகளைக் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்ததாக அவரே பின்னர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். டிரம்ஸ் கற்பவர்கள் இதை ஒரு சாகசக் கதையாகச் சொல்லி மகிழ்வார்கள். செஷன் தொழிலில் இது வேலையின் ஒரு பகுதி. எட்டு உருப்படிகளை விமானத்தில் மனப்பாடம் செய்கிறவர் ஒவ்வொரு அடியையும் நினைவில் வைக்கப் பார்க்க மாட்டார். பிரிவுகளின் வரிசை, ஒவ்வொன்றும் எத்தனை சுற்று, எந்த இடத்தில் எல்லாரும் சேர்ந்து வெட்டுகிறார்கள், எந்த இடம் திறந்து கிடக்கிறது — இந்த நான்கையும்தான் முதலில் பிடித்துக்கொள்வார். மற்றவை அந்த நேரத்தில் கையில் வருபவை. ஆல்பத்தை இந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள்: வெட்டு விழும் இடங்களில் லூயிஸ் பிசிறே இல்லாமல் விழுகிறார், இடைப்பட்ட இடங்களில் அவருக்கே உரிய சேட்டைகள்.

செஷன் கலைஞர்கள் கூடித் தங்களுக்காக வாசிக்கும் குழு என்பது பழைய வழக்கம்தான். 1970-களில் நியூயார்க்கின் ஸ்டூடியோக்களில் பகலெல்லாம் மற்றவர்களின் பாட்டுக்கு வாசித்தவர்கள் — ஸ்டீவ் காட், ரிச்சர்ட் டீ, கார்னெல் டுப்ரீ, எரிக் கேல் — ‘ஸ்டஃப்’ என்ற பெயரில் மிக்கெல்ஸ் கிளப்பில் வாசித்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் பேக்ட் பொட்டேட்டோ என்றொரு சின்ன கிளப். ஸ்டூடியோ பியானோ கலைஞர் டான் ராண்டி 1970-இல் திறந்தது. பெயருக்கேற்றபடி சாப்பாட்டுப் பட்டியலிலும் சுட்ட உருளைக்கிழங்குதான். 1986 பிப்ரவரியில் கிட்டார் கலைஞர் லாரி கார்ல்டன் அங்கே பதிவுசெய்த ‘லாஸ்ட் நைட்’ இந்த வகைக்கு இன்றும் நல்ல உதாரணம்: பேஸில் ஆப்ரஹாம் லபோரியல், டிரம்ஸில் ஜான் ராபின்சன், பெர்குஷனில் அலெக்ஸ் அகூன்யா, கீபோர்டில் டெரி டிராட்டர்.

அந்த ஆல்பத்தையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். கார்ல்டன் எடுத்துக்கொண்டவற்றில் இரண்டு, ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் 1959-இல் பதிவுசெய்த ‘ஸோ வாட்’டும் ‘ஆல் ப்ளூஸ்’ஸும். முதலாவது 32 பார் (தாள அளவு), மொத்தமே இரண்டு ஸ்கேல். இரண்டாவது 12 பார் ப்ளூஸ். எல்லாருக்கும் மனப்பாடம். ஒத்திகைக்கு நேரமில்லாத ஸ்டூடியோக்காரர்கள் கூடும்போது எளிய சட்டகத்தை எடுத்துக்கொண்டு அதற்குள் நீட்டி வாசிப்பதே நடைமுறைக்கு ஒத்துவந்தது. ஸ்நார்க்கி பப்பி இதைத் திருப்பிப்போட்டது. இங்கே சட்டகம் நீளமானது, பிரிவுகள் பல, எல்லாம் முன்கூட்டியே அமைக்கப்பட்டவை, சோலோக்கள் குறைவு. எட்டு உருப்படிகளில் நான்கு கீபோர்டுக்காரர்களும் மூன்று கிட்டார்க்காரர்களும் இருந்தும், ஒரு பாட்டுக்கு ஒன்றோ இரண்டோ சோலோவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஜாஸ் ஆல்பத்தில் ஆளுக்கொரு சோலோ வாசித்துக் களைத்துப்போகும் அந்தப் பழைய நோய் இதில் இல்லை.

‘லிங்கஸ்’ பத்து நிமிடத்துக்கும் மேல் ஓடும். முதல் பாதி ஐந்து எண்ணிக்கையில். கண்ட சாபு பழகியவர்கள் உடனே 2+3 என்று தட்டப் பார்ப்பார்கள்; சற்றுப் பொறுத்து, ஐந்தையும் ஒரே எடையோடு எண்ணத் தொடங்கி, பேஸ் எங்கே விழுகிறது என்று கவனித்தால் சுற்று தானே பிடிபடும். ஊதுவாத்தியங்களின் மெட்டு வந்து போனபின், நான்காவது நிமிடத்தை ஒட்டி எல்லாம் அடங்கி, எண்ணிக்கை நான்காகிறது. அடியின் வேகம் அப்படியே. சுற்று மட்டும் சுருங்குகிறது. ஐந்தில் நடந்து பழகிய காதுக்கு இந்த நான்கு திடீரென்று சமதரை போலத் தெரியும். ஹென்றியின் சோலோவுக்கு அந்தச் சமதரை வேண்டும். ஏனென்றால் அவர் செய்யப்போவது ஸ்வரத்தில்: அடியில் ஓடும் ஸ்வரமையத்தை விட்டு வெளியே போய், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் தூரம் விலகி, திரும்பி வருகிறார். தாளமும் கோணலாக இருந்தால் அந்த விலகலை அளக்கக் கேட்பவருக்கு ஒரு அளவுகோல் இல்லாமல் போயிருக்கும்.

பெரும்பாலோர் இந்த இடத்தில் ஹென்றியின் கையையே பார்க்கிறார்கள். இன்னொரு முறை டிவிடியை ஓட்டி மற்றவர்களைப் பாருங்கள். கிட்டத்தட்ட யாரும் எதுவும் வாசிப்பதில்லை என்பது தெரியும். லூயிஸ் மிகக் குறைவாகத் தொடங்கி, சோலோ ஒரு படி ஏறும்போது மட்டும் தானும் ஒரு படி ஏறுகிறார், அவர் முந்துவதில்லை. பேஸ் நகர்வதில்லை. அந்தப் பேஸ் அசையாமல் நிற்பதால்தான் ஹென்றி எவ்வளவு வெளியே போனாலும் காதுக்கு வீடு எங்கே என்று தெரிகிறது. மூன்று கீபோர்டுக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு ரசிக்கிறார்கள். அவர்களும் ஆளுக்கொரு கோர்டைப் போட்டிருந்தால் இந்த சோலோ இன்று யாருக்கும் நினைவிருக்காது. சோலோ எத்தனை சுற்று என்று முன்பே கட்டப்பட்டிருக்கவில்லை. லீக் கையால் சைகை காட்டும்வரை திறந்தே கிடக்கும். சைகை வந்த அடுத்த சுற்றில் எல்லாரும் ஒன்றாக விழுகிறார்கள்.

‘வாட் அபௌட் மீ?’ இதற்கு நேர் எதிர். வேகம், இறுக்கம், மார்க் லெட்டியேரியின் கிட்டார் சோலோ. இறுதியில் குழு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க, அதன் மேல் டிரம்ஸ் ஆடுகிறது. ஃப்யூஷனில் இது பழைய உத்தி. தனி ஆவர்த்தனத்தில் நாம் அறிந்த மாதிரி மேளக்காரரைத் தனியே விட்டுவிடுவதில்லை, சுற்றை மற்றவர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். இதை வாசித்துப் பார்க்கும் கல்லூரிக் குழுக்கள் தடுக்கி விழுவது டிரம்ஸில் இல்லை. சுற்றைக் காக்கும் மற்றவர்கள், டிரம்ஸின் சத்தம் கூடக் கூடத் தாங்களும் வேகமெடுத்துவிடுகிறார்கள். நான்கு சுற்றுக்குள் வேகம் நழுவி, டிரம்ஸ்காரர் நினைத்த அடிகள் இடம் கொள்ளாமல் போகும்.

‘ஸ்லீப்பர்’ நிதானமானது, ஷான் மார்ட்டின் டாக்பாக்ஸ் குழாயை வாயில் வைத்து வாசிப்பது இதன் சுவை. கீபோர்டின் ஒலி குழாய் வழியே வாய்க்குள் போய், உதடும் நாக்கும் அதை உயிரெழுத்துகளாக்க, மைக் பிடித்துக்கொள்கிறது. பாடகர் இல்லாத குறையை இது சற்றே தீர்க்கிறது. மார்ட்டின் 2024-இல் காலமானார். இப்போது கேட்கும்போது கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது. ‘ஷோஃபுகான்’ மெட்டு எளிதில் ஒட்டிக்கொள்ளும். பிற்கால மேடைகளில் ரசிகர்களே அதைப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். ‘டியோ மகாகோ’ பெர்குஷன் பிரியர்களுக்கு. மீதமுள்ள மூன்றும் கெடுதலில்லை; ‘அவுட்லையர்’ மட்டும் திரும்பக் கேட்க வைக்கிறது.

குறைகள் உண்டு. ஒன்று, மிக்ஸிங்கில் டிரம்ஸும் ஊதுவாத்தியங்களும் முன்னால் நிற்க, மூன்று கிட்டார்களும் பின்னே தள்ளப்பட்டிருக்கின்றன. லெட்டியேரி சோலோவுக்கு வெளியே வரும்போதுதான் அப்படியொருவர் இருப்பதே தெரிகிறது. மேசை ஸ்பீக்கரிலோ கைபேசியிலோ கேட்டால் மற்ற கிட்டார்க்காரர்களான பாப் லான்செட்டி, கிறிஸ் மெக்வீன் இருவரையும் கண்டுபிடிக்கவே முடியாது. நல்ல ஹெட்ஃபோன் அவசியம். ரசிகர்களும் ஹெட்ஃபோனில்தானே கேட்டார்கள். இரண்டு, உணர்ச்சியின் வரைபடம் எல்லா உருப்படிகளிலும் ஒன்றே: மெதுவாகத் தொடங்கி, அடுக்கடுக்காக ஏறி, உச்சத்தில் முடிவது. முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் ஐந்தாவதுக்கு வரும்போது அடுத்து என்ன வரும் என்று காது முன்கூட்டியே சொல்லிவிடும். இரண்டு மூன்றாகப் பிரித்துக் கேட்பது நல்லது. மூன்று, சபை. தலையில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருக்கும் ரசிகர்கள் இயல்பாகவே அடக்கமாகிவிடுகிறார்கள். பேக்ட் பொட்டேட்டோ பதிவில் கேட்கும் அந்தச் சிரிப்பும் கூச்சலும் இங்கே இல்லை. சுத்தமான ஒலிக்காக அதை விலையாகக் கொடுத்துவிட்டார்கள்.

இதே முறையில் பதிவுசெய்ய நினைக்கும் குழுக்களுக்கு, இந்த டிவிடி ஒரு பாடப்புத்தகம். சில விஷயங்களை அதில் பார்த்தாலும் உடனே புரியாது. ஹெட்ஃபோன்கள் காதை முழுக்க மூடும் வகையாக இருக்க வேண்டும். திறந்த வகை என்றால் அதிலிருந்து கசியும் ஒலியே பக்கத்து மைக்கில் ஏறும். ஊதுவாத்திய மைக்குகளுக்கு மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கு போதும்: மைக் வாத்தியத்திலிருந்து 20 சென்டிமீட்டர் என்றால், அடுத்தவரின் மைக் அந்த மைக்கிலிருந்து 60 சென்டிமீட்டராவது தள்ளி. டிரம்பெட்டின் வாய் டிரம்ஸைப் பார்த்தபடி இருந்தால் அதன் மைக் டிரம்ஸுக்கு முதுகைக் காட்டும், சிம்பல் குறையும். கிட்டார் ஆம்பின் சத்தத்தைக் குறைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள், எனவே ஆம்பைப் பக்கத்து அறையில் வைத்துவிடுவது சண்டையில்லாத வழி. பலரும் கோட்டைவிடுவது ஹெட்ஃபோன் மிக்ஸில்: எல்லாருக்கும் ஒரே மிக்ஸ் கொடுத்தால், தன் வாத்தியம் கேட்காதவர் பலமாக வாசிக்கத் தொடங்குவார், அது மற்ற மைக்குகளில் ஏறும், அவர்களும் பலமாக வாசிப்பார்கள். ஊதுவாத்தியத்துக்கு ஒன்று, டிரம்ஸுக்கும் பேஸுக்கும் ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று என்று மூன்று தனி மிக்ஸாவது வேண்டும். ரசிகர்களுக்கு நான்காவது.

இந்த உருப்படிகளைத் தாங்களே வாசிக்க விரும்புவோர் ஏற்பாட்டிலேயே இடறுகிறார்கள். குழுவில் இரண்டு கீபோர்டுகள் இருந்தால் இடது கையைக் கட்டிவைக்க வேண்டும். கீழ் ஸ்தாயி பேஸுக்குச் சொந்தம். இரண்டு கிட்டார்கள் இருந்தால் ஒன்று உள்ளங்கையால் நரம்பை அமுக்கி ஒற்றை ஸ்வரங்களில், மற்றொன்று மேல் நரம்புகளில் மூன்று ஸ்வரக் கோர்டுகளில். இரண்டும் ஆறு நரம்பையும் மீட்டினால் ஊதுவாத்தியங்களுக்கு இடமே இராது. ‘லிங்கஸ்’ஸை வேகம் குறைத்து, ஐந்திலிருந்து நான்குக்கு மாறும் இரண்டு சுற்றுகளை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துப் பழகிவிட்டு மற்றதைத் தொடலாம். மாறும் இடத்தில் டிரம்ஸ்காரர் ஃபில் (இடைவெளியை நிரப்பும் அலங்கார அடிகள்) போடாமல் இருப்பதே உத்தமம்.

எந்த வடிவில் வாங்குவது? வீடியோக்களை குழுவின் யூட்யூப் சேனலில் இலவசமாகவே பார்க்கலாம். ஆனாலும் சிடி-டிவிடி தொகுப்பு கிடைத்தால் அதையே எடுக்கலாம், காட்சியில்லாமல் இந்த ஆல்பம் பாதிதான். உண்மையான மேடையின் ஆரவாரம் வேண்டுமென்றால், 2019 நவம்பரில் பதிவாகி 2020-இல் வந்த ராயல் ஆல்பர்ட் ஹால் நேரடிப் பதிவு இருக்கிறது. ஆர்கெஸ்ட்ரா பிடிக்குமென்றால் மெட்ரோபோல் ஆர்கெஸ்ட்டோடு செய்த ‘சில்வா’ 2015-இல் வந்தது. கோர்டுகளின் அடர்த்தி கொஞ்சம் குறைந்து, ஆறேழு பேர் மட்டும் நிதானமாகப் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டுமென்றால் கார்ல்டனின் ‘லாஸ்ட் நைட்’. இந்த ஆல்பத்தை ‘லிங்கஸ்’ஸில் தொடங்க வேண்டாம், ‘ஷோஃபுகான்’, பிறகு ‘ஸ்லீப்பர்’, அதன் பின் ‘வாட் அபௌட் மீ?’. ‘லிங்கஸ்’ கடைசி உருப்படியாகவே வைக்கப்பட்டிருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.